சுவருக்கு நாள் கொடுத்த வீடு

பெயிண்ட் அடிக்கும் கூட்டத்தில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது; அது அரசாங்கத் தாள்களில் மட்டும் உயிரோடிருந்தது. பதினோர் ஆண்டுகள் மேஸ்திரி அவள் கையில் உப்புத்தாளைத் தவிர வேறொன்றைக் கொடுத்ததில்லை. பட்டி பூசுவோர் ஆண்கள், வண்ணம் தீட்டுவோர் ஆண்கள். இரண்டுக்கும் நடுவே சுவரைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவது பெண்கள் பாடு. தேய்க்கத் தேய்க்க உதிரும் வெண்பொடி முடியிலும் புருவத்திலும் படிந்து, மாலையில் வீடு திரும்பும்போது நாற்பது வயதுக்காரி எழுபதைத் தொட்டவளாகத் தெரிவாள்.

"இன்னைக்கும் கிழவியாகிட்டு வந்துட்டியா?" என்று கதவைத் திறப்பார் கணவர்.

"குளிச்சா குமரியாயிடுவேன். தள்ளுங்க" என்று உள்ளே போவாள் அவள்.

கை தேய்த்துக்கொண்டிருந்தாலும் கண்ணும் தோலும் சும்மா இருந்ததில்லை. புதிதாகப் பூசிய சுவர் எந்நாள் வரை ஈரம் பொதிந்து கிடக்கும், எந்நாளில் உள்ளும் புறமும் ஆறி அமையும் என்பதைத் தொட்டுத் தொட்டே படித்தாள். சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஈரச் சுவர் உச்சி வெயிலிலும் குளிரும். காய்ந்த சுவர் அறையின் சூட்டோடு ஒத்துப்போகும். இதைக் கண்டால் மேஸ்திரிக்கு வாய் சும்மா இராது.

"ராத்திரியில சுவத்துல ஓட்டை போட்டுக் கன்னம் வைக்கிற திருடனைப் போலீஸ் தேடுது. இங்க ஒருத்தி பட்டப்பகல்ல வச்சுக்கிட்டு நிக்கிறா!"

கூட்டம் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கன்னத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு தேய்ப்பைத் தொடர்வாள்.

அவள் சிரிக்காத நாள் ஒன்றும் உண்டு. பூசி மூன்று வாரம்கூட நிறையாத ஒரு வீட்டில், குடிபுகும் தேதி நெருங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் நெருக்கினார். மேஸ்திரி சுவரெல்லாம் கடல்நீலம் அடிக்கப் புறப்பட்டார். "மேஸ்திரி, கன்னத்துல ஜில்லுனு இருக்கு" என்றாள் அவள். "அப்ப கன்னத்தை எடு" என்றார் அவர். இரண்டு மாதம் சென்றது. நீலத்தின்மேல் தேமல் படர்ந்ததுபோல் வெளுத்த திட்டுகள். சுட்ட புண்ணின் கொப்புளம்போல் ஆங்காங்கே புடைப்புகள். நகத்தால் நெருடினால் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் உப்பு வெள்ளை வெளேரெனப் பூத்து நின்றது. உள்ளிருந்த ஈரம் வெளியேற வழி தேடி, சிமெண்டின் காரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, போர்த்திய நிறத்தைத் தின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மாள் உரிந்த நீலத் தகட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, செத்த குருவியைப் பார்ப்பதுபோல் பார்த்து அழுதாள். "உங்க சுவர் சரியில்லம்மா" என்று ஒரே வாக்கியத்தில் கரையேறினார் மேஸ்திரி. ஏழு நாள் உட்கார்ந்து அந்தச் சுவரைச் சுரண்டியவள் உப்புத்தாள். தன் கையில் என்றேனும் பிரஷ் வருமாயின், ஈரச் சுவரை ஒருநாளும் மூடுவதில்லை என்று அந்த ஏழு நாளில் உறுதி பூண்டாள்.

பிரஷ் வந்தது தையற்கடை வழியாக.

வேலைக்குப் போடும் சட்டையின் தோளில் கிழிசல். அதைத் தைக்கக் கொடுக்கப் போனவளிடம் தையல்காரர் தம் குறையைக் கொட்டினார். முன்னறையில் கடை, பின்னால் குடியிருப்பு, மாடியில் மகளும் மருமகனும் என்று நிறைந்த வீடு அது. ஒன்பது ஆண்டு காத்திருந்த பின் மகள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. படியேறி இறங்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வீட்டின் பின்புறம் தாய்க்கும் சேய்க்குமென ஓர் அறை எழுப்பினார்கள். கட்டியாயிற்று, பூசியாயிற்று, தரைக்கல்லும் பதித்தாயிற்று. அடிக்க ஆள் இல்லை.

"உங்க மேஸ்திரியை ஒரு நடை வரச் சொல்லும்மா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே விளங்கியதில்லை. "நானே அடிச்சுத் தர்றேண்ணா."

தையல்காரர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். துணியை அளக்கும் பார்வை அது. "தனியாவா?"

"ஒரு ரூமுக்குக் கூட்டம் எதுக்குண்ணா?"

அவர் இழுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பொம்பளை கை, மூலைமுடுக்கெல்லாம் சுத்தமா செய்யும். குடுங்களேன். உங்களுக்கு ஒரு பட்டன் தைக்கவே ரெண்டு நாள் யோசனை!"

அந்த ஒரு குரலால் வேலை கைக்கு வந்தது. அவள் அதை மறந்ததில்லை. முகம் காணுமுன்னே தனக்காக ஒருவர் பரிந்து பேசினால், அப்பரிவு இறைவன் அனுப்பியது என்றே எண்ணுபவள் அவள்.

மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை. "போ, போய்ப் பாரு. உப்புத்தாள் இங்கயேதான் கிடக்கும். திரும்பி வந்து எடுத்துக்க" என்றார். அந்த அறை நன்றாக அமைந்தால் அவள் பெயிண்டர். பிசகினால் அந்தச் சிரிப்பின் கீழ் மறுபடியும் வெண்பொடி. இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இல்லை.

பூசி முப்பதாம் நாள் அறைக்குள் காலடி வைத்தாள். நான்கு சுவரிலும் கையகலப் பிளாஸ்டிக் தாளை வைத்து, காற்றுப் புகாமல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். சுவரில் ஈரம் இருந்தால் அது தாளின் உட்புறத்தில் துளிதுளியாகத் தேங்கி நிற்கும்; காய்ந்திருந்தால் தாள் தெளிந்திருக்கும். மறுநாள் மூன்று தாள்கள் தெளிந்திருந்தன. நான்காவது, சந்துப் பக்கம் வெளியே திறந்திருந்த ஒரே சுவரின் தாள், உள்ளே முத்து முத்தாகக் கோத்திருந்தது.

"இது மட்டும் வியர்க்குதுண்ணா. ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம்."

"வியர்க்கட்டும், வியர்க்கட்டும்" என்றார் தையல்காரர், தைக்கும் துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்த வாரம் மூன்று சுவர்களையும் தேய்த்துத் துடைத்து, பிரைமர் கொடுத்து, பட்டி பார்த்து, மீண்டும் தேய்த்தாள். எந்தச் சுவரிலும் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. பூசிய கொத்தனாரை மனத்துக்குள் வாழ்த்தினாள். நான்காம் சுவரோ அசையவில்லை. எட்டாம் நாளும் முத்து, பத்தாம் நாளும் முத்து. கன்னத்தை வைத்தால் மண்பானையில் வைத்ததுபோல் குளிர்ந்தது.

ஏறி மொட்டைமாடியைப் பார்த்தாள், ஒழுக்கு இல்லை. குழாய்க்காரரை அழைத்துக் காட்டினாள். அந்தச் சுவருக்குள் குழாயே ஓடவில்லை. நண்பகலில் சந்துக்குப் போய் வெளிப்புறத்தைத் தடவினாள். காலையெல்லாம் அடித்த கிழக்கு வெயிலில் காய்ந்து சுட்டது. அடியில் தரை நனைந்திருந்தது. அது பாத்திரம் கழுவும் இடம், நனையாமல் எப்படி இருக்கும்? கடைசியில் வேறோர் ஊரில் பெரிய கட்டடத்துக்குப் போயிருந்த கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

"தண்ணி எத்தனை நாள் ஊத்துனாங்க?"

"ஏழு நாள்தாம்மா ஊத்தச் சொல்வேன். சிலபேர் அதையே ஊத்த மாட்டாங்க. ஏன், வெடிச்சிருக்கா?"

"வெடிக்கல. காயலை."

"அப்ப ஓதம் அடியிலிருந்து ஏறுதோ என்னவோ" என்று அவர் வைத்துவிட்டார். அடியிலிருந்து ஏறும் ஓதம் முழங்கால் உயரத்தில் மிகுந்து, மேலே போகப் போகக் குறைய வேண்டும். இந்தச் சுவர் தலையுயரத்தில் அதிகம் வியர்த்தது. அவள் குழம்பினாள்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர். பொறுமை அவருக்குத் தொழில்.

"உன் பொழப்பும் என் பொழப்பும் ஒண்ணுதான்" என்றார். "நான் மாவு பொங்கட்டும்னு உட்கார்ந்திருக்கேன், நீ சுவர் காயட்டும்னு உட்கார்ந்திருக்க. பார்க்கிறவன் ரெண்டு பேரையும் சோம்பேறின்னு நினைப்பான்."

"உங்க மாவுக்கு யாரும் ஆஸ்பத்திரித் தேதி குறிக்கலையே."

"குறிச்சாலும் மாவு கேட்காது. அடுப்புல முன்னாடியே தள்ளினா கல்லு மாதிரி வரும். கடிக்கிறவன் பல்லு போகும், என் பேரு போகும்."

அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். தனக்கு வாய்த்த துணை இப்படிப்பட்டவர் என்பதில், தினமும் அல்ல, இப்படிச் சில நாள்களில் அவள் கண் நனையும்.

பூசி நாற்பத்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை மாலை, தையல்காரரின் பொறுமை நூல் அறுந்தது. மருத்துவர் குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளே இருந்தன. அவர் கழுத்தில் அளவுநாடா தொங்க, அறை வாசலில் நின்று நான்காம் சுவரைச் சுட்டினார்.

"இங்க பாரும்மா. தொட்டா கையில ஒட்டலை. கண்ணுக்கு ஈரம் தெரியலை. நீ ஒட்டின தாளுக்கு மட்டும் தெரியுதா?"

"ஆமாண்ணா. தாளுக்குத் தெரியும்."

"வர்ற பிள்ளைகிட்ட நான் என்ன சொல்றது? தாள் சொல்ற வரைக்கும் வயித்துலயே இருன்னா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இப்ப அடிச்சா ரெண்டு மாசம் அழகா இருக்கும். அப்புறம் கொப்புளிச்சு உதிரும். தொட்டில் மேலயே உதிரும்ணா. ஈரத்துல பூசணமும் பிடிக்கும். பச்சைப் பிள்ளைக்கு அந்தக் காத்து ஆகாது."

"உங்க மேஸ்திரி நேத்துக் கடைக்கு வந்தார். 'ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்'கிறார்." அவர் குரல் தாழ்ந்தது, கடுமையைவிட அந்தத் தாழ்வு அவளைத் தைத்தது. "நாளைக்குக் காலையில பிரைமர் டின்னைத் திற. இல்லைன்னா சாவியைக் குடுத்துடு. நான் தப்பா சொல்லலைம்மா. ஒன்பது வருஷம் காத்தாச்சு. இனிமேல் காக்கத் தெம்பில்ல."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதே அவளை வாட்டியது. வீடு வரும் வழியெல்லாம் மனம் இரண்டாகப் பிளந்து வாதாடியது. அடித்துவிட்டால்தான் என்ன? அழகாக இருக்கும் இரண்டு மாதத்துக்குள் நான்கு வேலை பிடித்துவிடலாம். உரிந்தால் சொல்லவும் ஒரு வாக்கியம் கையிருப்பில் இருக்கிறது: உங்க சுவர் சரியில்லம்மா. அந்த வாக்கியம் தன் நாக்கின் நுனிவரை வந்துவிட்டதைக் கண்டு அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் விடியுமுன் எழுந்தாள். டின்னைத் திறக்க அல்ல, சாவியைக் கொடுக்க. நேரம் சென்றால் தையல்காரரின் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிடும். பொழுது புலருமுன்னே சாவியை அவர் மனைவியிடம் கொடுத்து, மூன்று சுவரை நன்றாக முடித்திருக்கிறேன், நான்காவதை என்னால் மூட முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். பிறகு மேஸ்திரியிடம் போய், அங்கே கிடக்கும் உப்புத்தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கருவிகளை எடுக்க அறையைத் திறந்தாள். கருக்கலில் நான்காம் சுவர் சாம்பல் நிறத்தில் ஒரு பசுவைப்போல் அமைதியாக நின்றது. போவதற்கு முன் கடைசி முறையாகக் கன்னத்தை வைத்தாள். கண் மூடினாள்.

சளார்.

சுவருக்குள்ளிருந்து வந்தது ஓசை. மூச்சை நிறுத்தினாள். மீண்டும் சளார், அதன் பின் சொட்டுச் சொட்டாக வடியும் ஒலி, அதன் பின் யாரோ மெல்லிய குரலில் முணுமுணுக்கும் ஒலி.

ஓடினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் திரும்பினாள். தையல்காரரின் மனைவி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, குளித்த ஈரத் தலையோடு, வாளியிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டு சுவரின் உச்சியில் வீசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செம்புக்கும், "என் பிள்ளைக்குத் துணையா நில்லு, என் பேரப்பிள்ளைக்குத் துணையா நில்லு" என்று சுவரிடம் வேண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா!"

செம்பு நழுவி உருண்டது. "அட, நீயா! பயமுறுத்திட்டியே. இந்நேரத்துல என்ன?"

"நீங்க என்னக்கா பண்றீங்க?"

"பார்த்தா தெரியலையா? தண்ணி ஊத்துறேன்."

"எத்தனை நாளா?"

"பூசின மறுநாளிலிருந்து. ஒரு நாள் தவறலை." அந்த முகத்தில் பெருமை ததும்பியது. "கொத்தனார் போகும்போது என்கிட்டதானே ஒப்படைச்சுட்டுப் போனார்? 'பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கங்கம்மா, தினம் குளிப்பாட்டுங்க, நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க'ன்னார். அவர் இன்னும் வரலையே."

உப்புத்தாள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உள்ளே ஏன்க்கா ஊத்தலை?"

"ஊத்திக்கிட்டுத்தான் இருந்தேன். பத்தாம் நாள் தரைக்கல் பதிக்க வந்தவர் 'உள்ளே சொட்டுத் தண்ணி விடாதீங்க'ன்னு சத்தம் போட்டார். நிறுத்திட்டேன். வெளியே நிறுத்தச் சொல்லி யார் சொன்னா?" பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராய்ச் சேர்த்துக்கொண்டார்: "அதுலயும் சுவருக்கு வியர்க்குதுன்னு நீ அவர்கிட்ட சொன்னியே, அன்னையிலிருந்து ரெண்டு வாளி கூடுதல். பாவம், சூடு தாங்கலை போலன்னு."

உப்புத்தாளுக்கு முதலில் அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று பிரித்துச் சொல்வதற்கில்லை. இரண்டும் ஒன்றாக வந்து, அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பிறகு சொன்னாள்: சுவரின் பலத்துக்கு ஏழு நாள் தண்ணீர் போதும், அதன்பின் அது காய வேண்டும், வெளியே ஊற்றியது செங்கல் வழியாக ஊறி உள்ளே வந்து, தாளில் முத்தாக நின்றது, அதனால்தான் பிரைமர் கொடுக்க முடியவில்லை, அதனால்தான் இன்று சாவியைத் திருப்பித்தர வந்தேன்.

அம்மையாரின் முகம் வெளிறியது. "ஐயையோ. அப்ப உன் வேலையைக் கெடுத்தது நானா?"

"நீங்க கெடுக்கலைக்கா. சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மறந்துட்டார்."

இவ்வளவுக்குப் பின்னும், வாளியில் மிஞ்சிய தண்ணீரைக் கீழே கொட்ட அந்த அம்மாளுக்குக் கை வரவில்லை. "இருந்தாலும் அவர் வந்து சொல்லணும்னாரே" என்று தயங்கினார். உப்புத்தாள் போனை எடுத்துக் கொத்தனாரை எழுப்பினாள். உறக்கக் குரலில் அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அம்மாகிட்ட குடு" என்றார்.

"அம்மா, போதும்மா."

"போதுமா?"

"போதும்மா. நாற்பத்து நாலு நாள்! நான் பெத்த பிள்ளைகூட என்னை இப்படிக் கவனிச்சதில்லை. அந்தச் சுவர் இனி மூணு தலைமுறைக்கு நிக்கும். வாளியைக் கவுத்துடுங்க."

அம்மாள் வாளியைக் கவிழ்த்தார்.

கூச்சல் கேட்டுத் தையல்காரர் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. நடந்ததை மனைவி சொல்லச் சொல்ல, அவர் அளவுநாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நீ வெளியே ஊத்தியிருக்க, இவ உள்ளே தாள் ஒட்டியிருக்கா, நடுவுல நின்னு நான் ஒருத்தன் கத்தியிருக்கேன்" என்றார். பிறகு உப்புத்தாளைப் பார்த்து, "நான் சொன்னதைக் கேட்டு நீ நேத்தே மூடியிருந்தா?" என்றார்.

"ரெண்டு மாசத்துல தெரிஞ்சிருக்கும்ணா."

அவர் தலையசைத்தார். "இனிமேல் காய எத்தனை நாள் ஆகும்?"

"தெரியலைண்ணா. மூணு வாரமோ நாலு வாரமோ. தாள்தான் சொல்லணும்."

பிள்ளை அதற்கு முன்பே வந்துவிடும். முடிவு சொன்னவர் தையல்காரரே. முன்னறை காய்ந்த அறை, காற்றோட்டமான அறை. அதை மகளுக்கு விட்டுவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு புது அறைக்குத் தாம் போவதாகச் சொன்னார். "எனக்கு என்ன, துணிதான் தைக்கிறேன். சுவர் வியர்த்தா நானும் வியர்த்துக்கிட்டுப் போறேன்" என்றார். இருபத்தாறு ஆண்டுகள் தெருவைப் பார்த்துத் தைத்த மனிதர், அன்று மாலையே பூச்சுச் சுவரைப் பார்த்துத் தைக்க உட்கார்ந்தார்.

உப்புத்தாள் நீட்டிய சாவியைத் தையல்காரர் அவள் கையிலேயே திருப்பி வைத்தார். கையில் இருந்த அந்தச் சின்ன இரும்பின் கனம் அவளைத் திகைக்கவைத்தது. கொடுப்பதற்கென்று எடுத்துவந்த பொருள் மீண்டும் தன் கைக்கே வந்து சேர்கையில் அது வேறு பொருளாகிவிடுகிறது போலும்.

பிறகு நடந்தது அவள் எதிர்பாராதது. தினமும் காலை எட்டு மணிக்குத் தையல்காரரிடமிருந்து போன் வரும்.

"பதினேழு முத்து."

மறுநாள்: "பதினாலு. ஆனா பெரிசு."

அடுத்த வாரம்: "ஒன்பது. கண்ணாடி போட்டு எண்ணினேன், மாத்தமில்லை."

மூன்றாம் வாரம் ஒரு நாள் போன் இரண்டு மணிநேரம் பிந்தி வந்தது. "இன்னைக்குத் தாளைப் பார்க்கலைம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "பொண்ணு பிறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." தேதி குறித்த மருத்துவர் ஏழு நாள் பிசகியிருந்தார், குழந்தையும் அவசரப்படவில்லை. உப்புத்தாள் அப்போது வேறொரு வீட்டில் நாள்கூலிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கீழே வைத்து, வெண்பொடி படிந்த கைகளைக் குவித்து, கண்மூடி நின்றாள். யாருக்கு நன்றி சொன்னாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பூசி அறுபத்தொன்பதாம் நாள் போனில் ஒரே சொல் வந்தது: "தெளிஞ்சிருச்சு."

நம்பாமல் புதுத்தாள் ஒன்றை வேறிடத்தில் ஒட்டி, இன்னும் ஒருநாள் காத்தாள். அதுவும் தெளிந்திருந்தது. கன்னத்தை வைத்தாள், சுவர் அறையின் சூட்டில் இருந்தது. மெஷினை வெளியேற்றி, உப்புப் பூத்த இரண்டு திட்டுகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுத்து, காரம் தாங்கும் பிரைமர் கொடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, இளம் பச்சை அடித்தாள். மாவிலைத் தளிரை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும் அந்தப் பச்சை. இரண்டு கை அடித்து முடித்தபோது நான்கு சுவருக்கும் பேதமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசையோடு வந்த அம்மாளை வாசலிலேயே மறித்தாள்: "வாசனை போகட்டும்க்கா. மூணு நாள் ஜன்னல் திறந்து கிடக்கட்டும்."

"இன்னும் மூணு நாளா? உன் வாயில நாள்தான் வருது!" என்றார் அந்த அம்மாள், ஆனால் திரும்பிப் போனார்.

அந்த மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். அந்தப் பக்கமாக வந்தவர் போலத்தான் வந்தார். ஆனால் அது முட்டுச்சந்து, அந்தப் பக்கமாக யாரும் எங்கும் போக முடியாது. அறைக்குள் நுழைந்து, நான்காம் சுவர் முன் நின்றார். பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தார். மூலையில் நகத்தை வைத்து நெருடினார். விரல் மடக்கித் தட்டினார்.

"தேய்ப்பு யாரு?"

"நானேதான்."

"ம்." அவள் கவிழ்த்து வைத்த டின் ஒன்றைத் துடைத்துப் போட்டாள்; உட்கார்ந்தார். தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோர் ஆண்டுகள் அவருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறாள். அவர் உட்கார்ந்து குடித்ததை அவள் பார்த்தது அன்றுதான்.

"பூசி எத்தனை நாள் கழிச்சு அடிச்ச?"

"எழுபது."

அவர் கையில் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "எழுபது நாள் விட்டாங்களா?"

"விட்டாங்க."

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். "இருபத்தெட்டு வருஷம் அடிச்சிருக்கேன்" என்றார் பிறகு. "ஒரு வீட்டுலயும் இருபது நாளைக்கு மேல யாரும் எனக்கு விட்டதில்ல. அந்த நீல வீட்டுலயும் கேட்டேன். உனக்குத் தெரியாது, நீ மாடியில தேய்ச்சுக்கிட்டு இருந்த. பத்து நாள் குடுங்கன்னு கேட்டேன். வேற ஆளைப் பார்க்கிறேன்னார். வீட்டுல அப்ப நிலைமை சரியில்ல. அடிச்சேன்." தேநீரை ஒரே மடக்கில் முடித்துக் கிளாஸை அவளிடம் நீட்டினார். "சுவர் ஜில்லுனு இருக்குன்னு உன் கன்னம் சொன்னது எனக்கும் தெரிஞ்சதுதான்."

அவர் போனபின் அவள் அந்தக் காலிக் கிளாஸோடு வெகுநேரம் நின்றாள். பதினோர் ஆண்டு அவர்மேல் வைத்திருந்த மனத்தாங்கல் எங்கே போயிற்று என்று தேடினாள், கிடைக்கவில்லை. தான் மன உறுதியால் வென்றதாக இதுவரை எண்ணியிருந்தாள். உறுதி அவளிடம் இருந்தது மெய்யே. ஆனால் உறுதி மட்டும் போதாது. அதற்கு நிற்க இடம் கொடுக்க யாரேனும் வேண்டும். அவருக்கும் ஒருநாள் அந்த உறுதி இருந்தது, இடம் கொடுப்பாரில்லை. தனக்கு ஒரு வீடு எழுபது நாள் கொடுத்தது. தம் கடையைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டு முத்தை எண்ணி, அதைக் கொடுத்தது.

கிளாஸை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். அன்று காலையே தாயும் சேயும் உள்ளே போய்விட, மெஷின் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. தையல்காரர் உள்ளங்கையளவு சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

"என்னம்மா? இன்னும் மூணு நாளா?"

"இல்லைண்ணா. தூக்கிட்டு வரச் சொல்லுங்க, ரூம் தயார்." அந்தச் சின்னச் சட்டையைப் பார்த்தபடி சேர்த்துச் சொன்னாள். "எனக்கு இத்தனை நாள் குடுத்தீங்களே. பெரிய உபகாரம்ணா."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான் எங்கம்மா குடுத்தேன்? நீ பிடுங்கிக்கிட்ட" என்றார், பிறகு, உள்ளே திரும்பி, "ஏய், பிள்ளையைத் தூக்கிட்டு வா! பெயிண்டர் உத்தரவு குடுத்தாச்சு" என்று கூவினார்.